ரெஜிஸ்ட்ரி என்னும் பெரிய ஏடு

ரெஜிஸ்டர் என்ற சொல்லோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். தன்பதிவேடு, பகிர்மானப் பதிவேடு, அ பதிவேடு என்று வருவாய்த்துறையில் ஏட்டுக்குப் பஞ்சமே கிடையாது. அதனால் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ளும் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டால் மெஷின் படுத்துவிடும் என்று ஆபரேட்டர் பையன்கள் மிரட்டியபோது எனக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக வந்தது. அந்த ஏட்டின் கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இன்னும் விண்டோஸ்தான் ஓடுகிறது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது தெரிந்துகொள்வது நல்லது.

ரெஜிஸ்ட்ரி வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? டாஸ் காலத்தில் இரண்டே இரண்டு கோப்புகள்: கான்ஃபிக் டாட் சிஸ், ஆட்டோஎக்ஸெக் டாட் பேட். மெஷின் எழுந்ததும் இவற்றை வரிவரியாகப் படித்து அதன்படி நடக்கும். பிறகு விண்டோஸ் வந்தபோது வின் டாட் இனி, சிஸ்டம் டாட் இனி என்று மேலும் இரண்டு சேர்ந்தன. (‘இனி’ என்றால் இனிமேல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ‘இனிஷியலைசேஷன்’ என்பதன் சுருக்கம் அது. ஆனாலும் ‘இனி இப்படி நட’ என்று மெஷினுக்குச் சொல்லும் கோப்புதான் என்பதால் நம் அர்த்தமும் பொருந்தித்தான் வருகிறது.)

இவையெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு, அதன் கீழே ஒரு பெயர், சமக்குறி, ஒரு மதிப்பு. அவ்வளவுதான். ஒரு வரியை மாற்றப் பயமாக இருந்தால் அதன் முன்னால் ஒரு அரைப்புள்ளி போட்டுவிட்டால் போதும், அந்த வரி செயல்படாது, ஆனால் அழிந்தும் போகாது. கணக்கு ஏட்டில் சிவப்பு மசியில் ஒரு கோடு இழுத்து, அடியில் இருப்பது தெரியும்படி அடிக்கிறோமே, அதுபோல. இந்தக் கோப்புகள் நாலையும் ஒரே சமயத்தில் திறந்து காட்ட சிஸ்எடிட் என்று ஒரு சின்ன நிரலும் இருந்தது.

பின் எதற்காக அதை மாற்றினார்கள்? ஊர்க் கணக்கு வரலாறு தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 1980 நவம்பர் வரை நம் மாநிலத்தில் கர்ணமும் முன்சீப்பும் இருந்தார்கள். ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு எழுத்து, ஒரு சுருக்கு, ஒரு வழக்கம். எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. இனி கோப்புகளும் கிட்டத்தட்ட அந்தக் கர்ணங்கள்தான். மெஷினில் ஏற்றிய ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு இனி கோப்பை எங்காவது வைத்துக்கொள்ளும். சில நிரல்கள் வின் டாட் இனியிலேயே போய்ப் பத்து வரி எழுதிவிட்டு வரும். நிரலை நீக்கினாலும் அந்தப் பத்து வரி அங்கேயே கிடக்கும். கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டினால் சிக்கல். ஒரே மெஷினை நாலு பேர் உபயோகித்தால் நாலு பேருக்கும் ஒரே அமைப்புதான். ஒருவர் பின்னணி நிறத்தை மாற்றினால் எல்லாருக்கும் மாறிவிடும். யார் எதை மாற்றலாம் என்ற அதிகார வரம்பே கிடையாது.

உவமை ஒரு இடத்தில் இடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ணம் எழுத்து கர்ணத்துக்குத்தான் புரியும். இனி கோப்பு எல்லாருக்கும் புரியும். மையமான பெரிய ஏடு வந்தபோது ஒழுங்கு வந்தது, ஆனால் பாமரன் படிக்கும் எழுத்து போய்விட்டது. இந்த லாப நஷ்டக் கணக்கு எனக்கு இன்றுவரை நேராகவில்லை.

முதல் ரெஜிஸ்ட்ரி 1992-ல் விண்டோஸ் 3.1-உடன் வந்தது. அது மிகச் சின்னது. ரெக் டாட் டேட் என்று ஒரே கோப்பு. எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்கும், ஒரு கடிதத்துக்குள் ஒட்டிய கணக்குத் தாளை யாரிடம் அனுப்ப வேண்டும் என்ற விவரம் மட்டும் அதில் இருந்தது. உண்மையான பெரிய ஏடு 1993 ஜூலையில் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது. டிஜிட்டல் கம்பெனியில் வி.எம்.எஸ். என்ற பெரிய இயங்குதளத்தைக் கட்டிய டேவ் கட்லர் 1988-ல் மைக்ரோசாஃப்டுக்கு வந்து உருவாக்கியது அது. அதில்தான் மெஷினின் அமைப்பு, ஏற்றிய நிரல்கள், ஆட்களின் கணக்கு, பாதுகாப்பு எல்லாமே ஒரே ஏட்டுக்குள் போயிற்று. ஏட்டின் ஒவ்வொரு கிளைக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று அனுமதியும் வைக்க முடிந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே ஏற்பாடு வந்துவிட்டது.

என்.டி.யில் இந்த ஏடு வட்டில் ஒரே கோப்பாக இல்லை, பல கோப்புகளாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ‘ஹைவ்’ என்று பெயர், அதாவது தேன்கூடு. கணக்கு ஏட்டுக்கும் தேன்கூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். மைக்ரோசாஃப்டில் பல்லாண்டு வேலை பார்த்த ரேமண்ட் சென் என்பவர் இதற்கு விடை எழுதியிருக்கிறார். என்.டி.யை உருவாக்கிய குழுவில் ஒருவருக்குத் தேனீ என்றாலே ஆகாதாம். அவரைச் சீண்டுவதற்காகவே ரெஜிஸ்ட்ரியை எழுதியவர் முடிந்த இடத்திலெல்லாம் தேனீப் பெயர்களைச் செருகிவிட்டாராம். அதனால்தான் கோப்பு ‘ஹைவ்’. உள்ளே விவரம் இருக்கும் இடம் ‘செல்’, தேனடையின் அறை. உலகத்தில் பாதி அலுவலகங்கள் இன்றைக்கும் ஒரு ஆபீஸ் கிண்டலின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சரி, உள்ளே எப்படி இருக்கும்? ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்து ‘ரன்’ பெட்டியில் ‘ரெஜ்எடிட்’ என்று அடித்தால் திறக்கும். விண்டோஸ் 95-ல் அதை மெனுவில் வைக்கவில்லை. பெயர் தெரிந்தவன்தான் உள்ளே வரட்டும் என்ற ஏற்பாடு. இடது பக்கம் மரம் மாதிரி கிளைகள், வலது பக்கம் அந்தக் கிளையில் உள்ள பதிவுகள். மாவட்டம், வட்டம், பிர்க்கா, கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று நாம் இறங்கிப் போகிறோமே, அதே இறக்கம்தான். கிளைக்கு ‘கீ’ என்று பெயர். கடைசியில் கையில் கிடைப்பது ஒரு பெயரும் அதற்கு எதிரே ஒரு மதிப்பும்.

மேல்மட்டத்தில் ஐந்து பெருங்கிளைகள் தெரியும். எல்லாவற்றையும் விவரித்து அலுப்பூட்ட விரும்பவில்லை. இரண்டு போதும். ‘லோக்கல் மெஷின்’ என்பது மெஷினுக்கு உரியது. யார் உட்கார்ந்தாலும் மாறாது. ‘கரண்ட் யூசர்’ என்பது இப்போது உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு உரியது. நம் கணக்கில் சொன்னால் முதலாவது அ பதிவேடு, நிலத்தை வைத்து எழுதுவது. இரண்டாவது சிட்டா, பட்டாதாரரை வைத்து எழுதுவது. அடங்கல்கூட இருக்கிறது! லோக்கல் மெஷினுக்குக் கீழே ‘ஹார்டுவேர்’ என்று ஒரு கிளை. அது வட்டில் சேமிக்கப்படுவதே இல்லை. மெஷின் ஒவ்வொரு முறை எழும்போதும் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்ளும். பசலிக்குப் பசலி வயலைப் பார்த்துப் பயிர் எழுதுவது போலத்தான்.

நம் தமிழும் அந்த ஏட்டில் ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் 2000-ல்தான் யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் கூடவே வந்தன. விசைப்பலகைகளின் பட்டியல் உள்ள கிளையில் 00000449 என்று ஒரு பதிவு இருக்கும். எதிரே தமிழ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அமெரிக்க ஆங்கிலம் 00000409. அந்த நீளப் பட்டியலில் அதைத் தேடிக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்த்த மாதிரி.

இப்போது திருத்துவதற்கு வருகிறேன். ரெஜ்எடிட்டில் ‘சேவ்’ கிடையாது. ‘அன்டூ’வும் கிடையாது. ஒரு மதிப்பை மாற்றி ஓ.கே. கொடுத்த நொடியில் மாறியது மாறியதுதான். பழைய மதிப்பு என்ன என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு கிளையை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் அந்தக் கிளை கடைசியாக எப்போது மாறியது என்ற நேரம் மட்டும் கிடைக்கும். யார் மாற்றியது என்று தெரிய வேண்டுமென்றால் தணிக்கை வசதியை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். எங்கள் துறையில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தினால்கூடப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடாவிட்டால் ஜமாபந்தியில் மாட்டிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஏடு பெரிய அதிர்ச்சி.

என்.டி.யிலும் 2000-லும் இரண்டு திருத்திகள் இருந்தன. ரெஜ்எடிட் ஒன்று, ரெஜ்எடிட்டி-32 ஒன்று. இரண்டாவதில் ‘படிக்க மட்டும்’ என்று ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டுவிட்டால் ஏட்டை எங்கு வேண்டுமானாலும் புரட்டலாம், கை தவறி எதுவும் மாறாது. 2001-ல் எக்ஸ்பி வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அந்த ‘படிக்க மட்டும்’ காணாமல் போயிற்று. பதிவறையில் ஏட்டைப் பார்க்க வருபவர் கையில் பேனா கூடாது, பென்சில்தான் என்று ஒரு விதி வைத்திருப்போம். அந்த விதியை எடுத்துவிட்டு எல்லார் கையிலும் பேனாவைக் கொடுத்தது போல எனக்குப் பட்டது.

மைக்ரோசாஃப்டும் இது ஆபத்தான இடம் என்று தெரிந்துதான் வைத்திருந்தது. விண்டோஸ் 95-ல் சிஸ்டம் டாட் டேட், யூசர் டாட் டேட் என்ற இரண்டு கோப்புகளுக்கும் மெஷின் ஒழுங்காக எழும்போதெல்லாம் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 98-ல் இன்னும் மேல். நாளுக்கு ஒருமுறை ஏட்டைச் சரிபார்த்து நகல் எடுத்து, கடைசி ஐந்து நகல்களை வைத்துக்கொள்ளும். மெஷின் எழவே இல்லையென்றால் டாஸுக்குப் போய் ‘ஸ்கேன்ரெக் ரீஸ்டோர்’ என்று அடித்தால் ஐந்து தேதிகளைக் காட்டி, எந்த நாளைய ஏடு வேண்டும் என்று கேட்கும். என்னைக் கேட்டால் விண்டோஸ் 98-ல் எழுதிய மிக நல்ல நிரல் அதுதான். தினம் தினம் ஒரு ஜமாபந்தி!

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம், சாமானியனுக்கு என்ன என்று கேட்பீர்கள். 2003-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் அப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியர். எந்த ஊர் என்பது வேண்டாம். எக்ஸ்பி போட்ட புது மெஷின்கள் வந்திருந்தன. பட்டா மாறுதல் ஆட்சேபணைகளுக்கு விசாரணை நோட்டீஸ் தயாரிக்க வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்த சின்ன நிரல் ஒன்றைப் பக்கத்துப் பிரிவில் உபயோகித்தார்கள். மனுதாரர் பெயர், சர்வே எண், தேதி கொடுத்தால் நோட்டீஸ் அச்சாகிவிடும்.

ஜூன் 5-ஆம் தேதி காலை ஒரு பெரியவர் வந்தார். சலவை வேட்டி, கையில் மஞ்சள் பை, பைக்குள் 1950-களின் கிரயப் பத்திரம். “இன்னிக்கு விசாரணைன்னு நோட்டீசு வந்துச்சுங்க ஐயா” என்றார். பிரிவில் விசாரித்தால், விசாரணை மே 6-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அவர் ஆஜராகாததால் எதிர்த்தரப்பு ஆவணங்களை மட்டும் வைத்து உத்தரவும் போய்விட்டது. எழுத்தர், “ஒரு மாசம் கழிச்சு வந்து நின்னா என்ன பண்றது?” என்று கொஞ்சம் குரலை உயர்த்தினார். பெரியவர் பதில் பேசவில்லை. பையிலிருந்து நோட்டீஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

5/6/2003 என்று அச்சாகியிருந்தது.

அலுவலக நகலிலும் அதுவேதான். ஐந்தாம் தேதி, ஆறாம் மாதம். நம் நாட்டில் அதை வேறெப்படியும் படிக்க முடியாது. ஆனால் விசாரணை நாட்குறிப்பில் மே 6. நோட்டீஸைத் தயாரித்த மெஷின் தேதியை அமெரிக்க முறையில், மாதத்தை முன்னால் போட்டு அச்சடித்திருக்கிறது. மெஷினைக் கொண்டுவந்து நிறுவியவர்கள் ‘எந்த நாடு’ என்ற கேள்வி வந்த இடத்தில் கவனிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நிரலும் விண்டோஸ் எந்த முறை சொல்கிறதோ அதன்படியே தேதியை அச்சடித்தது.

இதில் விஷமம் என்னவென்றால், மாதத்தின் 12-ஆம் தேதிக்குப் பிறகு வரும் விசாரணைகளில் தவறு உடனே கண்ணில் படும். 5/20 என்று பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் வருவதுதான் ஆளை ஏமாற்றுவது. அந்தப் பன்னிரண்டிலும் நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் ஒரு நாள் தப்பித்துவிடும். பாக்கிப் பதினொரு நாட்கள் பொறி. பெரியவர் அந்தப் பதினொன்றில் ஒன்றில் விழுந்துவிட்டார். அவருக்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி சொல்லி, நோட்டீஸின் அலுவலக நகலுக்குச் சான்றளிக்கப்பட்ட நகலும் வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. ஆனால் அதற்குள் ஒரு சாகுபடி போய்விட்டது.

அன்றைக்கே ஆபரேட்டர் தம்பி கன்ட்ரோல் பேனலுக்குப் போய் தேதி முறையை மாற்றிவிட்டார். நாள் முன்னால், மாதம் பின்னால். விவகாரம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். ஜூலையில் மாறுதலில் ஒரு புது எழுத்தர் வந்தார். அவருக்கு அதே மெஷினில் தனி லாகின் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் தபால் கொண்டுபோகும் அலுவலக உதவியாளர் ஒரு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். “சார், 7/24-ன்னு போட்டிருக்கு. வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்தானே சார்?” என்றார். அவர் கவனிக்காமல் சார்வு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மாற்றியது எப்படித் திரும்பி வந்தது? இங்கேதான் ரெஜிஸ்ட்ரியைத் திறக்க வேண்டியிருந்தது. தேதி முறை மெஷினுக்கு உரிய பதிவு அல்ல, ஆளுக்கு உரிய பதிவு. அ பதிவேட்டில் இல்லை, சிட்டாவில் இருக்கிறது. கரண்ட் யூசர், அதன் கீழே கன்ட்ரோல் பேனல், அதன் கீழே இன்டர்நேஷனல். அங்கே ‘எஸ் ஷார்ட் டேட்’ என்று ஒரு பெயர். பழைய எழுத்தரின் லாகினில் பார்த்தால் அதன் எதிரே நாள் முன்னால் இருந்தது. புது எழுத்தரின் லாகினில் மாதம் முன்னால் இருந்தது. பழையவருக்குச் செய்த திருத்தம் அவர் சிட்டாவோடு நின்றுவிட்டது.

அப்படியானால் புது ஆளுக்கு லாகின் போடும்போது அவருடைய ஏடு எங்கிருந்து வருகிறது? வெற்றுத்தாளாக வருவதில்லை. ஒரு மாதிரி ஏடு இருக்கிறது. அதன் நகலைத்தான் எடுத்துக் கொடுக்கிறது மெஷின். ரெஜ்எடிட்டில் ‘யூசர்ஸ்’ என்ற கிளையில் ‘டாட் டீஃபால்ட்’ என்று ஒன்று தெரியும். அதுதான் மாதிரி என்று தம்பி அதைத் திருத்தப் போனார். பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது யாரும் லாகின் செய்யாத நேரத்தில் மெஷின் தனக்காக வைத்துக்கொள்ளும் ஏடு. புது ஆட்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையான மாதிரி, ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘டீஃபால்ட் யூசர்’ என்று மறைத்து வைத்த ஃபோல்டரில், அதிலும் மறைத்து வைத்த ‘என்டியூசர் டாட் டேட்’ என்ற கோப்பில் இருந்தது. அதுவும் ஒரு தேன்கூடுதான்.

அதைத் திறக்கும் முறையும் அழகானது. ‘யூசர்ஸ்’ கிளையில் நின்றுகொண்டு, மெனுவில் ‘லோட் ஹைவ்’ கொடுத்து, அந்தக் கோப்பைக் காட்டி, தற்காலிகமாக ஒரு பெயர் வைக்க வேண்டும். பதிவறையிலிருந்து ஏட்டை வரவழைத்து மேசையில் வைக்கிற மாதிரி. திருத்தியதும் ‘அன்லோட்’ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தம்பி அப்படியே செய்தார். அதன் பிறகு அந்த மெஷினில் போட்ட எந்த லாகினிலும் மாதம் முன்னால் வரவில்லை. மற்ற மெஷின்களிலும் அதையே செய்தோம்.

அதோடு நான் ஒரு காரியம் செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு ஆறு பத்தி பிரித்தேன். தேதி, எந்த மெஷின், எந்தக் கிளை, பழைய மதிப்பு, புது மதிப்பு, யார் திருத்தியது. திருத்தும் முன் அந்தக் கிளையை ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளவும் சொன்னேன். அந்த நகல் கோப்பும் ஒரு எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். தவறாகப் போனால் அதன்மேல் இரண்டு முறை தட்டினால் பழைய மதிப்பு திரும்ப ஏறிவிடும். தம்பிக்கு முதலில் சிரிப்பு. “கம்ப்யூட்டருக்கும் நடப்புப் பதிவேடா சார்?” என்றார். மெஷின் தானாக எழுதிக்கொள்ளாததை மனிதன்தானே எழுத வேண்டும்? நான் மாறுதலாகிப் போகும்போது நோட்டில் பதினேழு பதிவுகள் இருந்தன.

இந்த ஏட்டுக்குள் நல்ல எண்ணத்தோடு போகிறவர்கள் மட்டும் போகவில்லை. 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காதல் கடிதம் என்று பெயர் போட்ட இணைப்பாக ஈமெயிலில் வந்தது. கோப்பின் உண்மையான வால் பெயரை விண்டோஸ் மறைத்துவிட்டதால் அது வெறும் எழுத்துக் கோப்பு என்று நம்பித் திறந்தார்கள். (அப்படி மறைப்பதும் ஒரு ரெஜிஸ்ட்ரி பதிவுதான்.) திறந்ததும் அது செய்த வேலைகளில் ஒன்று, லோக்கல் மெஷினுக்குக் கீழே ‘ரன்’ என்ற கிளையில் தன் பெயரை எழுதி வைத்தது. அந்தக் கிளையில் பெயர் இருந்தால், ஆள் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்த நிரல் தானாக ஓடும். இணைப்பை அழித்தாலும் மறுநாள் காலை அது எழுந்துவிடும். அது வைத்துக்கொண்ட பெயர் ‘எம்.எஸ். கெர்னல் 32’. பார்த்தால் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்பு என்றே தோன்றும். போலிப் பட்டாவில் முத்திரை மட்டும் அசல் மாதிரி இருக்குமே, அந்த ஜாதி.

பின்னால் பென்டிரைவ் காலத்தில் வந்த புழுக்கள் இன்னும் ஒரு படி போயின. உள்ளே வந்ததும் ரெஜ்எடிட்டையே பூட்டிவிடும். பூட்டுவதற்கான பதிவும் ரெஜிஸ்ட்ரியிலேயே இருக்கிறது. அலுவலகங்களில் ஊழியர் கை வைக்காதிருக்க நிர்வாகிகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் வைத்த பூட்டு அது. அதைத் திருடன் எடுத்து உள்ளிருந்து போட்டுக்கொண்டான். ரெஜ்எடிட் என்று அடித்தால், உங்கள் நிர்வாகி இதைத் தடைசெய்திருக்கிறார் என்று பெட்டி வரும். ஒரு அலுவலகத்தில் இதைப் பார்த்துவிட்டு, தாசில்தார்தான் பூட்டச் சொல்லியிருக்கிறார் போல என்று ஒரு வாரம் யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கட்டுக்கதையாகவும் இருக்கலாம். எனக்கு நம்ப முடியாமல் இல்லை.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன், வேகம் கூட்டுகிறேன் என்று சொல்லி வரும் நிரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேண்டவே வேண்டாம். ஏட்டில் உபயோகமற்ற நூறு வரி இருந்தால் மெஷின் மெதுவாகாது. ஆனால் உபயோகமுள்ள ஒரு வரியை ‘குப்பை’ என்று அது அழித்துவிட்டால் மெஷின் எழாது. மைக்ரோசாஃப்டே இந்த வகை நிரல்களை ஆதரிப்பதில்லை என்று சொல்லிவிட்டது.

கடைசியாக ஒன்று. இது வரலாற்றுப் பிரியர்களுக்கு. நான் சொன்ன ‘எஸ் ஷார்ட் டேட்’ என்ற பெயர் ரெஜிஸ்ட்ரியில் பிறந்ததல்ல. விண்டோஸ் 3 காலத்து வின் டாட் இனியில், ‘இன்ட்ல்’ என்ற சதுர அடைப்புத் தலைப்பின் கீழ் அதே எழுத்துகளில் அது இருந்தது. கர்ணம் வீட்டுப் பெட்டியிலிருந்து தாலுகா பதிவறைக்கு வந்தபோது சர்வே எண் மாறாமல் வந்திருக்கிறது. பழைய நிரல்கள் எங்கே போய்த் தேடும்? அதற்கும் வழி செய்தார்கள். என்.டி. குடும்பத்தில் ‘இனி ஃபைல் மேப்பிங்’ என்று ஒரு கிளை இருக்கிறது. பழைய நிரல் ஒன்று வந்து, வின் டாட் இனியில் தேதி முறை என்ன என்று கேட்டால், விண்டோஸ் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை. ரெஜிஸ்ட்ரியில் பார்த்துச் சத்தமில்லாமல் பதில் சொல்லிவிடும். கேட்டவருக்கு ஏடு மாறியதே தெரியாது.

இப்போது என் மேசையில் இருப்பது விண்டோஸ் 11. ரெஜ்எடிட்டில் 2017 முதல் மேலே ஒரு முகவரிப் பட்டை வைத்திருக்கிறார்கள். அதில் பாதையை அடித்தால் நேரே அந்தக் கிளைக்குப் போய்விடலாம், மரம் ஏற வேண்டியதில்லை. கரண்ட் யூசர், கன்ட்ரோல் பேனல், இன்டர்நேஷனல் என்று போனால் ‘எஸ் ஷார்ட் டேட்’ அதே இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மெஷினில் தேதி அமெரிக்க முறையில் வருகிறதென்றால் அதற்கு ரெஜிஸ்ட்ரி வரை போக வேண்டியதில்லை. கன்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’ திறந்து, ஃபார்மட்டில் ‘இங்கிலீஷ் இந்தியா’ தேர்ந்தெடுங்கள். அதே பெட்டியில் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’ தாளில் ‘காப்பி செட்டிங்ஸ்’ என்று ஒரு பட்டன் உண்டு. அதில் ‘நியூ யூசர் அக்கவுன்ட்ஸ்’ கட்டத்தில் டிக் போட்டால் இனி போடும் லாகின்களுக்கும் அதுவே போய்விடும். எக்ஸ்பியிலும் இந்தக் கட்டம் ‘அட்வான்ஸ்டு’ தாளின் அடியில் சின்னதாக இருக்கத்தான் செய்தது. யார் கண்ணில் படும்?